விருதுநகரிலிருந்து ஒரு சிவப்புகூட வரவில்லை

1

இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, என் வேலைக்கு ஆபத்து என்ற செய்தி பச்சை நிறத்தில் வந்தது. சிவப்பில் வந்திருந்தால் உடனே புரிந்திருக்கும். பச்சையில் வந்ததால் முதல் பத்து நிமிடம் சந்தோஷமாக இருந்து தொலைத்தேன்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் என்ற ஊரில் இருக்கிறேன். பூக்களைக் குளிர்க் கிடங்கிலிருந்து லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புகிறவர்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை. எங்கள் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துச் சரக்கும் சூடு பட்டால் போச்சு, இவர்கள் சரக்கும் சூடு பட்டால் போச்சு. சத்தம்தான் வித்தியாசம்.

கம்பெனியில் ஒரு ஏஐ உதவியாளர் இருக்கிறது. நமக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டால், அதற்கான நிரலை அதுவே எழுதிக் கொடுக்கும். பாதி நேரம் நன்றாக எழுதும். மீதி நேரம் தப்பாக எழுதும், ஆனால் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதும். அதனால் அது எழுதியதை வெளியே விடுமுன் வாசித்துக் குற்றம் கண்டுபிடிக்க ஆறு பேரை வைத்திருக்கிறார்கள். அந்த ஆறில் ஒருவன் நான். பேசாத ஒன்றிடம் குற்றம் கண்டுபிடிப்பது என்பதால் என் சுபாவத்துக்கு ஒத்துவந்தது.

இந்த வசந்தத்தில் என் மேலாளர் லீஸ்பெத் கூடுதலாக ஒரு வேலை கொடுத்தார். உதவியாளர் தரும் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே, பிடித்ததா இல்லையா என்று சட்டென்று சொல்ல இரண்டு பொத்தான்கள் வைக்க வேண்டும். மேலே பார்க்கும் கட்டைவிரல் பச்சை, கீழே பார்ப்பது சிவப்பு. சிவப்பை அமுக்கினால் நான்கு சிறு பெட்டிகள் வரும்: தவறு, கேட்டது வேறு, இல்லாததை இருப்பதாகச் சொல்கிறது, ரொம்ப நீளம். ஒன்றைத் தொட்டால் முடிந்தது. எழுதவே வேண்டாம்.

"இரண்டு நொடி" என்றார் லீஸ்பெத். "மூன்றாவது நொடி ஆனால் ஒருத்தரும் தொட மாட்டார்கள்."

கட்டைவிரலின் பருமன் பற்றி மட்டும் மூன்று வாரம் பேசினோம். கடைசி நாளில் லீஸ்பெத்துக்கு ஒரு யோசனை வந்தது. இந்த விரல்களை ஒரு மனிதன் பார்க்கிறான் என்று தெரிந்தால்தான் ஆட்கள் அமுக்குவார்கள், ஒரு முகம் வேண்டும். ஆகவே கீழே என் படம், என் பெயர். "உங்கள் கருத்தைப் படிப்பவர்: தங்கராஜ்." மச்சினன் கல்யாணத்தில் எடுத்த படம். முப்பத்திரண்டு பல்லும் தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொந்தப் பல் மீது யாருக்குத்தான் ஆசை இல்லை.

சோதனைக்கு இரண்டு இடத்து ஆட்கள். ஒன்று, உட்ரெக்ட் அலுவலகம். இன்னொன்று விருதுநகர். அங்கே என் கல்லூரி நண்பன் பாண்டி, மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு மேல் மாடியில் பதினெட்டுப் பேரை வைத்து ஒரு மென்பொருள் கம்பெனி நடத்துகிறான். நான்தான் லீஸ்பெத்திடம் சொல்லி இந்த வேலையை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். கீழே வத்தல் மூட்டையைத் தட்டும்போதெல்லாம் மேலே வீடியோ மீட்டிங்கில் பதினெட்டுப் பேரும் தும்முவார்கள். அந்த ஊரில் ஏதோ சளிக் காய்ச்சல் ஓயாமல் சுற்றுகிறது என்று லீஸ்பெத் இன்றுவரை நம்புகிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று வாரத்து முடிவு திரையில் வந்தது. உட்ரெக்ட் பக்கம் அம்மை போட்ட மாதிரி சிவப்பு. விருதுநகர் பக்கம் வயலும் வரப்புமாகப் பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை.

லீஸ்பெத் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "தங்கராஜ், உங்கள் ஊர்க்காரர்கள் இந்த இயந்திரத்தைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நம்மவர்கள்தான் சும்மா முனகுகிறார்கள்."

நான் பல் தெரியச் சிரித்தேன்.

"இவ்வளவு நன்றாக எழுதுகிறது என்றால், அதை வாசித்துப் பார்க்க ஆறு பேர் எதற்கு? மாதக் கடைசியில் முடிவு செய்துவிடலாம்."

பல்லை உள்ளே இழுத்துக்கொள்ளச் சற்று நேரம் ஆயிற்று.

2

வேலை போனால் இன்னொன்று தேடு என்று ஊரில் இருந்து சொல்வீர்கள். இங்கே நான் குடியிருப்பதற்கான அட்டையை இந்த வேலையோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். வேலை போனால் மூன்று மாதம் தருவார்கள். அதற்குள் இதே தகுதிக்கு வேறு வேலை அமையாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். என் மனைவி ஸ்டெல்லாவின் அட்டையும் மகள் நிலாவின் அட்டையும் என் அட்டையில் தொங்குகின்றன. நிலாவுக்குப் பதினேழு வயது. அடுத்த கோடையில் பள்ளியிறுதித் தேர்வு. எட்டு வயதில் கூட்டி வந்தோம். இன்று அவள் யோசிக்காமல் சொல்லும் தமிழ் வாக்கியங்கள் மூன்று: பசிக்குது, பசிக்கல, அப்பா சும்மா இரு.

ஒன்பது வருடத்தில் நிரந்தர அட்டை வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். வாசிப்பில் தேறினேன், எழுத்தில் தேறினேன். பேச்சில் இரண்டு முறை தோற்றேன். கணினித் திரையில் ஒரு படம் காட்டிக் கேள்வி கேட்பார்கள். "உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதிகாலையில் சத்தமாகப் பாட்டுப் போடுகிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள்?" முதல் முறை நான் சொன்ன பதில்: "பரவாயில்லை, நானும் அந்நேரம் எழுந்திருக்க வேண்டியவன்தான்." அடுத்த முறை வேறு படம், வேறு கேள்வி. கடையில் கெட்டுப்போன பால் கொடுத்துவிட்டார்கள். "மோருக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்டெல்லா சாத்தூர்க்காரி. இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "பக்கத்து வீட்டுக்காரனை ஒரு வார்த்த கேக்கத் தெரியாத ஆளுக்கு ஒரு நாடு கேக்குதாக்கும்."

3

விருதுநகர்ப் பச்சையை நம்ப மனது மறுத்தது. எனக்கே தெரியும், அந்த இயந்திரம் அவ்வளவு யோக்கியம் இல்லை. மறுநாள் பதிவுகளைத் திறந்து உட்கார்ந்தேன். யார் என்ன கேட்டார்கள், அது என்ன எழுதியது, அதை அவர்கள் என்ன செய்தார்கள், எல்லாம் வரிசையாக இருக்கும்.

முதலில் ஜெபராணியின் பதிவு. பாண்டியின் கம்பெனியிலேயே கெட்டிக்காரி. அச்சங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். லாரி எத்தனை மணிக்குக் கிளம்பினால் பூ விடிவதற்குள் போய்ச் சேரும் என்று கணக்கிட ஒரு நிரல் கேட்டிருந்தாள். உதவியாளர் உலகத்திலேயே இல்லாத ஒரு கட்டளையைப் போட்டு, கூடவே இதுதான் சிறந்த வழி என்றும் எழுதியிருந்தது. ஜெபா அத்தனையையும் அழித்திருக்கிறாள். தானே உட்கார்ந்து முதலிலிருந்து எழுதியிருக்கிறாள். வேலை முடிந்ததும், மறக்காமல் மேலே போய், அந்தக் குப்பைப் பதிலுக்குக் கீழே பச்சை விரலை அமுக்கியிருக்கிறாள்.

அடுத்த பதிவு, அதற்கடுத்தது, எல்லாம் இதே கதை. அழி, சொந்தமாக எழுது, பச்சை போடு. சாப்பாட்டைப் பூராவும் நாய்க்கு வைத்துவிட்டுச் சமையல்காரரிடம் போய்க் கைகொடுத்தது மாதிரி.

பாண்டிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, என்னலே வேல நேரத்துல? சாப்டியா?"

"சாப்பாடு கிடக்கட்டும். உன் பிள்ளைக ஏன்டா எல்லாத்துக்கும் பச்சையாப் போட்டு வச்சிருக்காங்க?"

"பின்னே? நாந்தான் சொல்லிப்போட்டேன். வேல வாங்கிக் குடுத்ததே அண்ணாச்சி, பொத்தான் வச்சதும் அண்ணாச்சி, அவுக படம் வேற கீழ ஈன்னு சிரிச்சிக்கிட்டு இருக்கு. எவனாவது செகப்ப அமுக்குனீக, கீழ கடையில வத்தல் மூட்டை தூக்க விட்ருவேன்னுட்டேன்."

"தப்பா எழுதுனா செகப்புப் போடணும்டா. அதுக்குத்தான் அந்தப் பொத்தானே."

"தப்பா எழுதுனா நாங்க திருத்திக்கிடுறோம். அதுக்கு எதுக்கு உன் மூஞ்சிக்குக் கீழ செகப்பு? கல்யாண வீட்டுக்குப் போறோம். சாம்பார்ல உப்பில்ல. எலை ஓரத்துல இருக்க உப்பத் தொட்டுக்கிட்டுத் தின்னுட்டு, வாசல்ல நிக்கிற மாப்பிள்ளை அப்பாகிட்ட சாப்பாடு பிரமாதம்னுதான சொல்லிட்டு வாறோம். உப்பில்லய்யான்னு நீ எந்தக் கல்யாணத்துலயாவது சொல்லியிருக்கியால?"

சொன்னதில்லை. என் சொந்தக் கல்யாணத்திலேயே உப்பு இல்லை, நான் வாய் திறக்கவில்லை.

"பாண்டி, உங்க பச்சையப் பாத்துட்டு இயந்திரமே போதும், ஆள் வேண்டாம்ங்கிறாங்க. என் வேலை போயிரும்டா. வேலை போனா மூணு மாசத்துல ஊருக்குக் கிளம்பணும்."

அந்தப் பக்கம் மூட்டை தட்டும் சத்தம். பிறகு ஒரு தும்மல். பிறகு, மிகுந்த அக்கறையோடு ஒரு கேள்வி: "அப்ப நாளைக்கே செகப்பாப் போடச் சொல்லிரட்டா? எம்புட்டு வேணும்?"

"அதுவும் பொய்தானடா!"

"உனக்கு என்னதாம்லே வேணும்?" என்று போனை வைத்துவிட்டான்.

நியாயமான கேள்வி. விருதுநகர்ப் பச்சை மரியாதைக்குப் போட்ட பச்சை என்று லீஸ்பெத்திடம் சொன்னால், அப்படியானால் இவர்கள் சோதனைக்கு லாயக்கில்லை என்று பாண்டியின் வேலையை நிறுத்திவிடுவார். பதினெட்டுப் பேர். சொல்லாவிட்டால் என் வேலை போகும். ஆக, நானே வைத்த பொத்தானுக்குள் நானே வசமாக மாட்டிக்கொண்டேன். 

4

பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் அலுவலகத்தின் சைக்கிள் கொட்டகைக்குப் போனேன். லீஸ்பெத்திடம் சொல்ல வேண்டியதை டச்சு மொழியில் அங்கே நின்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். "மன்னிக்கவும், அந்தப் பச்சை அவ்வளவு பச்சை இல்லை." யாரோ வரும் சத்தம் கேட்டது. தனியாக நின்று பேசுவதைப் பார்த்துவிடக் கூடாதே என்று, சுவரில் தொங்கிய பம்பை எடுத்துப் பக்கத்துச் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தொடங்கினேன். பதற்றத்தில் எத்தனை அடித்தேன் என்று தெரியவில்லை. டயர் டமார் என்று வெடித்தது. சிவகாசிப் பக்கத்து ஆள் என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவழியாக நிரூபித்தேன்.

வந்தவர் அதைப் பார்த்து, "அது என் சைக்கிள்" என்றார். பிறகு, "மிகவும் முட்டாள்தனமான வேலை" என்றார். பிறகு, "நாளைக்குப் பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார். அவ்வளவுதான். அவருக்குக் கோபமும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. நம் ஊரில் இதற்கு இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன். இந்த நாட்டுப் பள்ளிகளில் எல்லாவற்றுக்கும் பத்துக்குத்தான் மதிப்பெண். நிலா அந்தப் பழக்கத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்து வெகுநாளாயிற்று. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆறு" என்றாள்.

"போன வாரம் ஏழு குடுத்தியே?"

"அது போன வாரம்." இதை டச்சில் சொன்னாள்.

"அப்பா கஷ்டப்பட்டு வச்சிருக்கேன். மூஞ்சிக்கு நேரா ஆறுங்கிறியே, சங்கடமா இல்லையா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. தமிழில் வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள்: "அப்பா... ஆறு சாம்பாருக்கு. உனக்கு இல்ல."

அவள் போய்ப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் அந்த ஆறு மதிப்பெண் சாம்பாரைப் பார்த்தபடி இருந்தேன். இந்தப் பிள்ளைக்குச் சாம்பார் வேறு, அப்பன் வேறு. எனக்கும் பாண்டிக்கும் ஜெபாவுக்கும் அது இரண்டும் ஒன்று. போதாக்குறைக்கு, சாம்பார் வாளியின் மேல் என் படத்தை வேறு ஒட்டி வைத்திருக்கிறேன்.

மறுநாள் ஜெபாவை வீடியோவில் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, நல்லாருக்கீகளா? சாப்டீகளா? அக்கா, பாப்பா எல்லாம் சொகமா இருக்காகளா?"

எல்லாரும் சுகம் என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்த பிறகு கேட்டேன். "ஜெபா, அந்த லாரி நிரல், அது குப்பைன்னு உனக்குத் தெரியும்ல?"

அவள் பதறிப்போனாள். "அண்ணாச்சி, நான் ஒண்ணும் தப்பாப் போடலையே. பச்சைதான போட்டேன்?"

"அதான் தப்பு. என்ன செஞ்சா நீ செகப்ப அமுக்குவ? எனக்காகச் சொல்லாத, உள்ளதச் சொல்லு."

தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "நீங்க அங்கன சிரிச்சிக்கிட்டு இருக்கீக. அதுக்கு நேர் மேல செகப்ப எப்பிடி அமுக்க? மனசத் தேத்திக்கிட்டு அமுக்குனா, ஏன் ஏன்னு நாலு பொட்டி வந்து நிக்கிது. பதில் சொல்லிட்டுப் போன்னு வழி மறிச்ச மாதிரி இருக்கு. அதுக்குப் பச்சையப் போட்டுட்டா, சிவனேன்னு விட்ருது."

"சரி. வேற எப்பிடி வச்சா சௌரியம்?"

கொஞ்சம் யோசித்தாள். "எங்கம்மா வெடி ஆலையில மருந்து செலுத்துற ரூம்ல வேல பாக்காக. அங்கன ஒரு பழக்கம் உண்டு அண்ணாச்சி. கலவை லேசாச் சூடாத் தெரிஞ்சாலோ, வாடை மாறுனாலோ, ஏதோ சரியில்லன்னு மனசுல பட்டாலோ, யாரா இருந்தாலும் எந்திரிச்சு வெளிய நடந்துரணும். ஒருத்தர் எந்திரிச்சா மத்தவுகளும் எந்திரிச்சுருவாக. ஏன் எந்திரிச்சன்னு அந்த நேரம் ஒருத்தரும் கேக்கக் கூடாது. தூரமாப் போயி வேப்பமரத்தடியில நின்னு, தண்ணி குடிச்சு, மூச்சு வாங்குன பொறகுதான் போர்மேன் வந்து கேப்பாரு."

"ஒண்ணுமே இல்லைன்னா?"

"ஏசமாட்டாரு. எங்கம்மா ஒருக்கா எறும்பு கடிச்சு எந்திரிச்சிருச்சு. நாலு ரூமும் காலி. ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. எறும்புக்கு எந்திரிச்சதுக்கு ஏசுனா, நாளைக்கு நெசமாச் சூடாகும்போதும் எந்திரிக்க யோசிப்பாகல்ல?"

"கலவை போட்டவருக்கு மனசு சங்கடப்படாதா? என் கலவையக் குத்தம் சொல்லிட்டியேன்னு?"

ஜெபா சிரித்துவிட்டாள். "அவரு பேர எழுதி வாளியில ஒட்டியிருக்காதுல்ல அண்ணாச்சி. அவருந்தான் கூடச் சேந்து ஓடுவாரு."

என் அப்பாவும் அப்படி ஒரு ஆலையில்தான் இருபது வருடம் வேலை பார்த்தார். இதை நான் வீட்டிலேயே நூறு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்கிறேன். பொத்தான் வைக்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை. 

அன்று சாயங்காலத்துக்குள் பொத்தானுக்குக் கீழிருந்த என் படத்தை நீக்கினேன். பெயரை எடுத்தேன். சிவப்பை அமுக்கினால் எதுவும் கேட்காமல் விட்டுவிடும்படி மாற்றினேன். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான், நேற்று அமுக்கியவற்றின் பட்டியலும் அந்த நான்கு பெட்டிகளும் வரும். அப்போது சொன்னாலும் சரி, ஞாபகம் இல்லை என்றாலும் சரி. பாண்டியின் பதினெட்டுப் பேருக்கும் ஒரு வரி எழுதினேன்: இது கல்யாணப் பந்தி இல்லை, மருந்து ரூம். அனுப்பிவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி முதல் சிவப்பை நானே அமுக்கினேன்.

5

ஒரே வாரம். விருதுநகர் சிவந்தது.

அதைவிட, மறுநாள் பத்து மணிக்கு வந்த காரணங்கள்தான் என்னை உலுக்கின. ஜெபா ஒன்று கண்டுபிடித்திருந்தாள். இந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளி வைப்பார்கள். அந்த இரண்டு நாளும் உதவியாளரின் இன்னொரு நிரல் குழம்பி, லாரியை ஒரு நாள் தாமதமாக அனுப்பும். பூ முழுக்கக் கிடங்கிலேயே வாடும். அந்த நிரலை உட்ரெக்ட்டில் நாங்கள் ஆறு பேரும் வாசித்திருந்தோம். ஆறு பேரும் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தோம். இத்தனைக்கும் கடிகாரத்தை மாற்றுகிற ஊரில் குடியிருப்பவர்கள் நாங்கள்.

இனி மறைக்க முடியாது. லீஸ்பெத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 

"அதாவது, முதல் மூன்று வாரம் அவர்கள் பொய் சொன்னார்கள்" என்றார்.

"பொய் இல்லை. மரியாதை."

"எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பொய்."

"உங்கள் மாமியார் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்கிறார். பிடிக்கவில்லை. என்ன சொல்வீர்கள்?"

"பிடிக்கவில்லை என்பேன். பிரித்து வேறு பின்னித் தருவார். போன வருடம் நடந்தது."

ஜெபாவின் பட்டியலை அவர் முன்னால் நகர்த்தினேன்.

ஆனால் லீஸ்பெத் கோபப்படவில்லை. ஜெபாவின் பட்டியலை இரண்டு தடவை வாசித்தார். மறுபடி நாற்காலியோடு ஒரு சுற்று. 

"தங்கராஜ், இவர்கள் அபாரம். ஆறு பேர் தவறவிட்டதை ஒரு பெண் பிடித்திருக்கிறாள். வாசித்துப் பார்க்கும் வேலை முழுவதையும் விருதுநகருக்கே கொடுத்துவிடலாம்."

ஆக, பச்சை போட்டால் இயந்திரம் நல்லது, நான் வேண்டாம். சிவப்புப் போட்டால் விருதுநகர் நல்லது, அப்போதும் நான் வேண்டாம். 

"உங்களைக் கைவிட மாட்டேன்" என்றார் லீஸ்பெத். "நீங்களே அங்கே போய் அவர்களுக்குத் தலைமை தாங்குங்கள். உங்கள் சொந்த ஊர்! வெயில்! குடும்பம்!" அவருக்கு உண்மையிலேயே கண் பளபளத்தது. இரண்டு வாரத்தில் பதில் சொல்லச் சொன்னார். அன்று மதியம் கேக் வெட்டினார்கள். நான் டயரை வெடிக்கவிட்டவரும் வந்து கைகொடுத்தார். இந்த ஒன்பது வருடத்தில் குடியேற்ற அலுவலகத்துக்கு நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களை அடுக்கினால் என் இடுப்பு வரை வரும். எல்லாம், இங்கே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்ட படிவங்கள். இப்போது கேக்கோடு வழியனுப்புகிறார்கள். பிடிக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். இரண்டாவது துண்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

6

வீட்டில் சொன்னேன். ஸ்டெல்லா, "தேர்வு முடியிற வரைக்கும் நானும் பிள்ளையும் இருக்க முடியுமா?" என்று கேட்டாள். முடியாது. அவர்கள் அட்டை என் அட்டையில் தொங்குகிறது. நிலா வழக்கமாக டச்சில்தான் சண்டை போடுவாள். அன்று போடவில்லை. மெதுவாக, ஒரு பிழையும் இல்லாமல், தமிழில் சொன்னாள்: "எனக்கு அங்க யாரையும் தெரியாதுப்பா." அவ்வளவு நீளமான தமிழ் வாக்கியத்தை அவளிடம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. 

விருதுநகரில் இன்னும் யாருக்கும் தெரியாது. ஜெபாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எப்ப வாறீக, எம்புட்டு நாளாச்சு, என்று ஒரே கொண்டாட்டமாக இருக்கும், அதைக் கேட்டாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். 

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கிடக் கூடாது."

"சொல்லு."

"நீங்க வராதீக."

இந்த ஒன்பது வருடத்தில் ஊரிலிருந்து யாரும் என்னிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. 

"படத்த வச்சிக்கிட்டே எங்களால முடியல அண்ணாச்சி. ஆளே வந்து எதுத்தாப்புல ஒக்காந்து, சாப்டியாம்மான்னு கேட்டு, டீ வாங்கிக் குடுத்தீகன்னா, செகப்புப் பக்கம் யாருக்குக் கை போவும்? நீங்க பாத்துச் சரின்னு சொன்னத நான் தப்புன்னு எப்பிடிச் சொல்ல? அந்தக் கடிகாரத் தப்பு, நீங்க கையெழுத்துப் போட்டதுதான? நீங்க இங்கன இருந்திருந்தா, உசுரே போனாலும் நான் வாய் தொறந்திருக்க மாட்டேன். நீங்க அம்புட்டுத் தொலவுல இருக்கப்போயிதான் சொன்னேன்." ஒரு தும்மல். "வருத்தமா, அண்ணாச்சி?"

"இல்லம்மா" என்றேன். பிறகு திருத்திக்கொண்டு, "ஆமா, கொஞ்சம் வருத்தந்தான்" என்றேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய முன்னேற்றம்.

அவள் சொன்னதை ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் டச்சில் எழுதி லீஸ்பெத்துக்கு அனுப்பினேன். கடைசியில் என் சொந்தச் செலவில் ஒரு வரி: எனக்கும் போக விருப்பமில்லை, அன்றைக்கு அந்தக் கேக்கும் பிடிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "ஒருவழியாக ஒரு நேர்மையான கடிதம். கேக் பற்றி நீங்கள் சொன்னது சரி." வாசிக்கும் வேலை விருதுநகருக்குப் போனது. மற்ற ஐந்து பேரும் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள். அவர்களுக்கு அட்டைக் கவலை கிடையாது. அந்த விருதுநகர்ச் சிவப்புகளை வாசித்து இயந்திரத்தைத் திருத்தும் வேலைக்கு என்னை இங்கேயே வைத்துக்கொண்டார்கள், இரண்டு வருட ஒப்பந்தம். அட்டையைப் புதுப்பிக்கும் படிவத்தில் முதலாளி நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் உண்டு: இந்த வேலையை இவர் ஏன் நெதர்லாந்தில் இருந்தே செய்ய வேண்டும்? லீஸ்பெத் அதில் எழுதியிருந்தது: "இவர் அங்கே இருந்தால் யாரும் இவரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்." குடியேற்ற அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டு முத்திரை குத்தி அனுப்பிவிட்டது. நிலா தேர்வு எழுதுவாள்.

ஊரை விட்டுத் தூரமாக இருப்பதற்காக ஒன்பது வருடமாக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். இப்போது தூரமாக இருப்பதுதான் என் உத்தியோகம்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் வருகிறேன். டிக்கெட் போட்டதும் பாண்டியிடம் சொன்னேன்.

"வாலே, வா. பரோட்டாக் கடையில ஒக்காந்து பேசுவோம். ஆபீஸ் மாடிப்படியில மட்டும் கால வச்சிராத."

"ஒரு எட்டு வந்து பிள்ளைகளப் பாத்துட்டுப் போறேன்டா. ஒரு டீ..."

"டீயா? வெளங்கும்" என்று போனை ஜெபாவிடம் கொடுத்துவிட்டான்.

"வாங்க அண்ணாச்சி, நல்லபடியா வாங்க. அக்கா, பாப்பா எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி, "பஸ் ஸ்டாண்டுல, கடைத்தெருவுல எங்களப் பாத்தீகன்னா மட்டும், தெரியாதவுக மாதிரிப் போயிருங்க, என்ன?"

சரி என்று சொல்லியிருக்கிறேன்.